மூன்று முறை அலசிய தட்டு

கோன் கேன்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகள் பைலினுக்கு,

உன் மாமா தோங்தம் கைப்பட எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஒசாகாக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்பாள். அதனால்தான் விரைவுத் தபால்.

நீ போன பிறகு ஆய்வுக்கூடம் என் தோளில்தான் நிற்கிறது. படித்தது நாலாம் வகுப்பு, வேலை தட்டு கழுவுவது என்றாலும், பதினாறு வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட உடைத்ததில்லை. உடைந்த இரண்டும் தானாக விழுந்தவை. நுண்ணோக்கிக்கு மல்லிகைச் சரம் சாத்துவதும், வாசல் மாடத்தில் குடியிருக்கும் பூமிசாமிக்குச் சிவப்பு சோடா படைப்பதும் நானே. அதனால்தான் செல் எண்ண நீ கணினியில் எழுதிவைத்துப் போன புரோகிராம் ஒரு நாளும் சண்டித்தனம் பண்ணவில்லை. உயிரோடிருக்கும் செல்லுக்குப் பச்சை வட்டம், சாகிற செல்லுக்குச் சிவப்பு வட்டம் என்று நொடியில் ஆயிரம் எண்ணிவிடுகிறது. சந்தையில் லட்சம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

பேராசிரியர் சுரசித்தின் ஈரல் மருந்து உனக்குத் தெரியும். அதை ஈரல் செல்மேல் ஊற்றி முதல் தட்டைப் படம் எடுத்தபோது, நூற்றுக்கு நாற்பத்தொன்று சிவப்பு வட்டம். அவர் முகம் சுருங்கிப்போனது. “குப்பை மிதக்குதுண்ணே, அதையும் மெஷின் செத்ததுன்னு எண்ணுது. சாயம் போட்டப்புறம் மூணு தடவ நல்லா அலசுங்க” என்றார். நான் அலசினால் சும்மாவா? தட்டு பளிங்காக மின்னியது. அடுத்த படத்தில் நூற்றுக்கு மூன்றுதான் சிவப்பு. “உங்க கைக்கு விருது குடுக்கணும்ணே” என்று தட்டிக்கொடுத்தார். மருந்து பத்திரம் என்று ஏழு ஊரில் சொல்லித் திரிந்தேன். பச்சை மீன் தின்று ஈரலைக் கெடுத்துக்கொண்ட பன்னிரண்டு பேரை நம் ஊரிலிருந்து மருந்துச் சோதனைக்குச் சேர்த்துவிட்டேன். பட்டியலில் முதல் பெயர் உன் அத்தையுடையது. எழுதிக்கொடுத்தது நான்.

போன வெள்ளிக்கிழமை என் அலசலின் பெருமையை ராத்ரியிடம் அளந்துகொண்டிருந்தேன். நம் கூடத்தில் செல் வளர்க்கிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். “நிறுத்துண்ணே, உன் புகழ் ஜன்னல் தாண்டிப் போயிருச்சு” என்று சொல்லிக்கொண்டே நான் தட்டு அலசிய கழிவுத் தண்ணீர்க் குப்பிகளைத் தூக்கிப் பார்த்தாள். தட்டில் மருந்து ஊற்றாத குழிகளின் தண்ணீர் தெளிவாக இருந்தது. மருந்து ஊற்றிய குழிகளின் தண்ணீர் அடியில் சளி மாதிரிப் படிந்து கலங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து உன் புரோகிராமை ஓட்டினாள்.

திரை முழுக்கச் சிவப்பு வட்டம், பைலின். உடம்பு கொப்பளித்து, துண்டு துண்டாகச் சிதறி, திராட்சை நசுங்கினது போல. சாகிற செல் தட்டைப் பிடித்திருக்காதாம், கையை விட்டுவிடுமாம், அலசினால் தண்ணீரோடு போய்விடுமாம். ராத்ரி குரல் தாழ்ந்துவிட்டது. “செத்தவங்கள எல்லாம் கொல்லப்பக்கமாத் தூக்கிப் போட்டுட்டு, வீட்ல எல்லாரும் சௌக்கியம்னு போட்டோ எடுத்திருக்கோம்ணே” என்றாள்.

உன் புரோகிராம் பொய் சொல்லவில்லை. கண்ணில் காட்டாததை அது எப்படி எண்ணும்?

நேரே பேராசிரியரிடம் போனேன். சிங்கம் மாதிரிப் போனேன் என்றுதான் எழுத ஆசை. உண்மையில் கதவு வரை போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தேன். குப்பியைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஊறவைத்த மீன் போட்ட பப்பாளிச் சாலட்டை மென்றுகொண்டே, “அலசுறது உங்க வேல, எண்ணுறது மெஷின் வேல. ரெண்டும் சரியாத்தானே நடக்குது?” என்றார். வாயோரம் வழிந்த மீன் சாற்றை நாக்கால் துடைத்துக்கொண்டார். தெரிந்தே செய்த மனுஷன். குப்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து ஊறவைத்த மீன் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிடுகிறேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் இந்தக் கைகளால் சோற்றைத் தொட முடியவில்லை. கரண்டியால் தின்கிறேன்.

அத்தையிடம் மருந்து வேண்டாம் என்றேன். “ஊரெல்லாம் சொன்னீங்களே, இப்ப எனக்கு மட்டும் எதுக்கு வேணாங்கிறீங்க?” என்று கேட்டாள். அவளை நிறுத்திவிடுவேன், மிரட்டியாவது. மற்றப் பதினொரு பேர் வாசலில் நின்று நான் என்ன சொல்வேன்? கழுவுகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்?

அடுத்த திங்களன்று மருத்துவமனையில் முதல் மாத்திரை. அதற்குமுன் எண்ணிக்கை சரிதான் என்று புரோகிராம் எழுதியவள் கையெழுத்திட வேண்டுமாம். தாள் உனக்கு வரும். போடாதே அம்மா. அலசாத தட்டின் படத்தைக் கேள், கழிவுத் தண்ணீரையும் எண்ணச் சொல். ராத்ரி நான்கு குப்பிகளைக் குளிர்பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள். உன் படிப்புக்குப் பேராசிரியர்தான் சிபாரிசு எழுதினார் என்பது எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் கேட்கிறேன்.

இத்தனை காலம் செய்யாத வேலைக்கெல்லாம் என் பெயரைப் போட்டுக்கொண்டவன் நான். நீ மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில், சாகிற செல்களை அலசிக் கொட்டியது யார் என்ற இடத்தில், தோங்தம் என்று என் முழுப் பெயரையும் எழுது. ஒரு எழுத்தும் விடாதே.

புத்தர் உன்னைக் காக்கட்டும். அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

உன் மாமா,
தோங்தம்