குதிரைப் பாதைக்கு நான் போடாத கையெழுத்து

பனைமேட்டுக்குப்பம்,
கடப்பாக்கம் வழி,
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் லோகுவுக்கு அம்மா வச்சலா எழுதுவது. நானும் உன் அக்கா தமிழரசியும் அவள் பிள்ளைகளும் தேவா சித்தப்பாவும் கன்னியம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக நடமாடுகிறோம், நீயும் ஷார்ஜாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, மாத்திரையை விடாமல் போடுகிறேன், தமிழரசியின் சின்னவனுக்கு முன்பல் விழுந்து சிரித்தால் அசல் கிழவன் மாதிரி இருக்கிறான், மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே உன் ரூமில் இருக்கிற மணி லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் நெத்திலிக் கருவாடும் மிளகாய்த் தூளும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை கத்திவிட்டுக் கட் பண்ணிவிடுகிறாய், இதை அப்படிச் செய்ய முடியாது, கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், எனக்கு அது போதும்.

போன செவ்வாய்க்கிழமை நீ என்ன கேட்டாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு இந்த மணலு பெருசா, நான் பெருசா" என்று கேட்டாய். நீதான் பெரிசு. அதில் சந்தேகமே வேண்டாம், முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மேலே போகிறேன். அப்படியும் நான் கையெழுத்துப் போடவில்லை, இனிமேலும் போடமாட்டேன், நீ ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் போடமாட்டேன். ஏன் என்பதை மட்டும் பொறுமையாகக் கேள்.

அந்தக் கம்பெனி ஆள் பிரவின்குமார் உன்னிடம் போனில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். கோட்டைப் பக்கம் வரைக்கும் கடலோரமாகக் குதிரைச் சவாரிக்கும் நடப்பதற்கும் பாதை போடுகிறோம், லாயத்துக்கு நீதான் மேஸ்திரி, தங்க அறை தருகிறோம், உங்கம்மா மகளிர் குழுத் தலைவி, அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் மற்ற பெண்களும் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதானே சொன்னான்? அந்தப் பாதைக்கு இரண்டு பக்கமும் கட்டை நட்டுக் கயிறு கட்டுவார்கள், அந்தக் கயிறு நம் வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் போகும், விடியற்காலையிலிருந்து பத்து மணி வரைக்கும் குதிரை ஓடும் நேரம், அந்த நேரத்தில் கரையில் படகோ வலையோ மீன் கூடையோ இருக்கக் கூடாது என்பதைச் சொல்லியிருக்க மாட்டான். போட்டெல்லாம் கரைக்கு வருவதே அந்த நேரத்தில்தான் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் வந்து இறங்கட்டும் என்றால் மீன் கேட்குமா, வெயில் கேட்குமா, ஏலம் எடுக்க வருகிற வியாபாரிதான் கேட்பானா?

ஆனால் ஒன்று, கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்துக்கு நான் எதிர்த்துப் பேசப் போகவில்லை. இது உனக்குத் தெரிய வேண்டும். நீ மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் பிள்ளைகளை மட்டக்குதிரையில் ஏற்றி நாளெல்லாம் மணலில் இழுத்துக்கொண்டு அலைந்தவன், குதிரை என்றால் உனக்கு உயிர், அந்த வேலை இங்கேயே கிடைத்தால் நீ என் கண்ணெதிரே இருப்பாய் என்ற ஒரே நினைப்பில், நேரத்தைக் கொஞ்சம் முன்பின் மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். தமிழரசி வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள், அவளை நான்தான் அடக்கினேன். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டிலும் சமோசாவும் கொடுத்தார்கள், நன்றாகத்தான் இருந்தது, இரண்டு தின்றேன்.

கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார்கள், சின்ன வயசு, முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் சுற்றுச்சூழல் ஆய்வு அறிக்கையைத் தமிழில் வாசித்தார்கள். பங்குனி ஆமை முட்டையிடுகிற இடத்தைப் பற்றி நிறையச் சொன்னார்கள், நண்டைப் பற்றிச் சொன்னார்கள், மணல் மேட்டில் படர்கிற அடப்பங்கொடிக்குக்கூட ஒரு பக்கம் இருந்தது. சந்தோஷம், ஆமைக்கும் ஆள் வேண்டும்தானே. நம் முறை வந்தபோது ஒரே வரிதான். இந்தக் கரையில் மூன்று நாள் நேரில் ஆய்வு செய்தோம், மீன்பிடித் தொழில் எதுவும் நடக்கவில்லை, ஆள் நடமாட்டம் இல்லை, கைவிடப்பட்ட சில படகுகள் மட்டும் கிடக்கின்றன என்று வாசித்து, தை மாதத்தில் வந்து பார்த்த தேதியையும் சொன்னார்கள். பின்னாலேயே திரையில் ஒரு படத்தைக் காட்டினார்கள். வெறும் மணல், வரிசையாகப் போட்டுகள், ஓரத்தில் நம்முடைய நீலப் போட்டு, அதன் முகப்பில் மாலை.

லோகு, அது உங்கப்பா ஐஸ் பெட்டியில் கிடந்த நாள். எனக்கு அந்தத் தேதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டுமா?

எழுந்து நின்றது தெரியும், மைக்கை எப்போது பிடுங்கினேன் என்று தெரியாது. பேசியதை அப்படியே சொல்கிறேன், தமிழரசி போனில் பிடித்து வைத்திருக்கிறாள், அதைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, அத்தனை கத்தல். "இன்னா சார் கைவிட்ட படகு? அது என் ஊட்டுக்காரர் இருசப்பன் போட்டு. மாலை போட்டுகீது கண்ணுக்குத் தெர்ல? ஊர்ல சாவு வுழுந்தா, சாவு எடுத்து மறுநாள் பால் ஊத்துற வரிக்கும் ஒருத்தனும் தொழிலுக்குப் போவ மாட்டான். ஊரே எங்க வூட்டு வாசல்ல உக்காந்துகினு இருந்துச்சு. மேளம் அடிச்சதுகூடவா உங்க காதுல வுழல? எங்க சாவைப் படம் புடிச்சிகினு போயி ஆளில்லாத கரைன்னு எழுதிகினு வந்துகிறீங்களே" என்று கேட்டுவிட்டேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அழவில்லை, அழுதேன் என்று மணி சொன்னால் நம்பாதே.

பிரவின்குமார் மரியாதையாகத்தான் பேசினான். "அம்மா, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது, ஆனா சர்வே டீமுக்கு அது தெரிய வாய்ப்பில்லை, ஒரு சாவுக்கு மூணு நாள் யாரும் கடலுக்குப் போகாம இருப்பாங்களா, சாயங்காலமே எடுத்துடுவீங்களே" என்றான். மேடமும் என்னைத்தான் பார்த்தார்கள். அவன் கேட்டது நியாயமான கேள்விதான், மற்ற சாவெல்லாம் மறுநாளுக்குள் முடிந்துவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சொன்னது யார் தெரியுமா? மீன் மார்க்கெட்டில் என் பக்கத்தில் உட்காருகிற வேண்டா. அவள் பிள்ளைக்கு அந்தப் பாதையில் காவல்காரன் வேலை சொல்லியிருக்கிறார்கள், அவள் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அவுங்க புள்ள வெளிநாட்டுல கீறான் சார், அவன் வந்து அப்பன் மூஞ்சியப் பாக்கட்டும்னு ஊரே நின்னுச்சு. என் வூட்ல அடுப்புகூட எரியல. அத்தினியும் நெசம். எனக்குப் பாதை வேணும், அதுக்காக இத்த இல்லன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். இன்னும் என்னோடு பேசவில்லை. அவள் கோபத்தில் எனக்கு வருத்தமில்லை, அவளும் பிள்ளைக்காகத்தான் போட்டாள்.

இதைத்தான் நான் உனக்கு எழுத நினைத்தேன். அந்த மூன்று நாளும் நாங்கள் உனக்கு வீடியோ காலில் அப்பா முகத்தைக் காட்டினோம், கரையைக் காட்டவில்லை. உன் முதலாளி பாஸ்போர்ட்டைத் தராமல் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தான், நீ அங்கே சுவரில் முட்டிக்கொண்டு அழுதாய், அது உன் குற்றமில்லை, நான் ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் இங்கே வஞ்சிரம் நன்றாகப் படுகிற நேரம், பக்கத்துக் குப்பத்துப் போட்டெல்லாம் நம் கண்ணெதிரே நிறைந்து வந்துகொண்டிருந்தது, நம் ஊரில் ஒருத்தன் தண்ணீரில் காலை வைக்கவில்லை. தேவா சித்தப்பா, "அண்ணன் புள்ள வர்ற வரிக்கும் எவனும் போட்டைத் தள்ளக் கூடாது" என்று சொன்னது ஒரே தடவை, அதை ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க இருந்த வீடும் நின்றது, ஆஸ்பத்திரிச் செலவு வைத்திருந்த வீடும் நின்றது. கடைசியில் நீ வர முடியாது என்று தெரிந்த பிறகுதான் சித்தப்பா உன் இடத்தில் நின்று காரியம் செய்தான். ஆளில்லாத கரை என்று அவர்கள் எழுதியிருப்பது அந்த மூன்று நாளைத்தான். உனக்காகக் காத்திருந்த ஊரை ஊரே இல்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு வந்து, அதிலேயே உனக்கு ஒரு வேலையும் போட்டுக் கொடுத்தால், அதற்கு உன் அம்மா கையெழுத்துப் போட வேண்டுமா? நீயே சொல்.

மேடம் நாங்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். கடல் தொழில் நடக்கிற நாளில் வந்து மறுபடியும் ஆய்வு செய்ய வேண்டும் என்று சிபாரிசு செய்வதாகச் சொன்னார்கள். அதனால் ஜெயித்துவிட்டோம் என்று யாரும் துள்ளவில்லை, பாதை நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது, தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். உன் வேலை மட்டும் உடனே போய்விட்டது, பிரவின்குமாருக்கு அந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு வேகம் பார். உன் வேலையைக் கெடுத்தது நான்தான், யார் மேலும் பழி போடவில்லை, தெரிந்தேதான் கெடுத்தேன். மறுபடியும் அந்த மண்டபத்துக்குக் கூப்பிட்டாலும் போவேன், சமோசாவையும் தின்பேன், இதையேதான் சொல்வேன்.

இன்னொரு சண்டையும் நடந்தது, அது வெளியாளோடு இல்லை. புது ஆய்வுக்கு எந்த நாள் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்களாம். அதனால் ஊர்க்கூட்டத்தில் தேவா சித்தப்பாவே எழுந்து, அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் ஊரில் சாவு விழுந்தால் சாவு வீட்டுக்காரர்கள் மட்டும் நிற்கட்டும், மற்றவர்கள் தொழிலுக்குப் போகட்டும், திரும்பவும் வெறும் மணலைப் படம் பிடித்துவிடப் போகிறார்கள் என்று சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்க்கூட்டத்தில் பொம்பளை பேசுகிற வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும், நான் பேசினேன். "அவுங்களுக்கு எழுதத் தெர்லன்னா நாம போயி சொல்லுவோம், பத்து தபா வந்தாலும் பத்து தபா சொல்லுவோம். அவுங்க கணக்குக்கு பயந்துகினு செத்தவன உட்டுட்டு வலை வீசப் போனா அப்பறம் இது இன்னா ஊரு" என்று கேட்டேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "அண்ணி, அவுங்க வர்ற நேரம் பாத்து நீயே போயிட்டா இன்னா பண்றது" என்று கேட்டான். எனக்கும் போட்டை நிறுத்துங்கள், என் பிள்ளை வருகிற வரைக்கும் நிறுத்துங்கள் என்றேன். சரி என்று எழுந்து போனார்கள். பயந்துவிடாதே, எனக்கு இப்போதைக்குச் சாக நேரமில்லை, குழுக் கூட்டம் இருக்கிறது, வேண்டாவைச் சமாதானம் செய்ய வேண்டும், அந்தப் பெண் எவ்வளவு நாள் முறைத்துக்கொண்டே மீன் விற்பாள்?

நீ அங்கே வெயிலில் தொப்பி இல்லாமல் குதிரையைக் குளிப்பாட்டாதே. கருவாட்டை ரூமில் இருப்பவர்களுக்கும் கொடுத்துச் சாப்பிடு, வாசனைக்கு முகம் சுளிப்பவன் இருந்தால் அவனுக்கு மட்டும் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. அக்காவுக்குப் போன் செய், அவள் உன் மேல் கோபமாக இருப்பது மாதிரி நடிக்கிறாள். கன்னியம்மன் உனக்குத் துணையிருப்பாள், உன் கை காலுக்கு ஒரு குறையும் வராது, நீ நூறு வயசு இருப்பாய்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் முதலாளியிடம் போய் உன் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கு. கெஞ்சாதே, உன்னுடையது, கேள். வேலை இல்லாவிட்டால் பரவாயில்லை, கையில் ஒன்றுமில்லாமலே வா, சித்தப்பா போட்டில் உனக்கு இடம் இருக்கிறது, அதுவும் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்து தின்றுவிட்டுப் போ. நான் போய்ச் சேர்ந்தாலும் ஊர் உனக்காகத் திரும்பவும் கடல் தொழிலை நிறுத்திக் காத்திருக்கும், அவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். அந்த நாளுக்கு நீ வர வேண்டாம் ராசா, போட்டெல்லாம் தொழிலுக்குப் போகிற ஒரு நாளில் வா.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
வச்சலா இருசப்பன்