சாராம்மா வீட்டு அலமாரி

ஆவுடை,

"நம்ம புஸ்தகம் மட்டும் ஏன்ப்பா அரிசி டின்னு மேல இருக்கு?" என்று சீனி கேட்டாளே, அதற்காகத்தான் அலமாரி பார்க்கப் போனோம். நீ காட்டிய கண்ணாடிக் கதவு அலமாரி அழகுதான். கடைக்காரர் முன்னால் எனக்குக் காரணம் சொல்ல வரவில்லை. நான் எடுத்த இந்தப் பழையது, யூதத் தெரு சாராம்மாவுடையது. சீனிக்கு அம்மை போட்டு யாரும் வாசல் மிதிக்காதபோது, தினமும் ஜன்னல் வழியாக ஒரு மலையாளக் கதைப் புத்தகம் நீட்டினார்களே. அம்மை வீட்டுப் புத்தகம் என்று பார்க்காமல் திரும்ப வாங்கி இதில்தான் வைத்தார்கள். நாம் நன்றி சொல்வதற்குள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

பத்து மணிக்கு இதன் கதவைச் சரிசெய்யத் தச்சர் அழகர் சேட்டன் வருவார். சாயாவும் அவித்த கப்பைக் கிழங்கும் கொடு. என்மேல் உள்ள கோபத்தை அவரிடம் காட்டாதே. மேல்தட்டு உன் பூஜைப் புத்தகங்களுக்கு.

குழந்தைசாமி

மறந்துவிட்டேன்: துடைக்கும்போது பின்பலகையில் கிழிந்த ஜெபத்தாள் ஒன்று கிடைத்தது. கடவுள் பெயர் உள்ள தாளை எறியக் கூடாது, மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று சாராம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் தனியாகப் போய், யூதர்களின் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் புதைத்துவிட்டு வந்தேன். மண்வெட்டியில் ஒட்டியிருப்பது அந்த மண்தான்.