இராஜநாயகம் என்ற பெயரில் ஒருவர்

பலெர்மோ
9 மார்ச் 1997

அன்புள்ள நாகபூசணி அக்காவுக்கு,

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். என் பெயர் அனிற்றா. மன்னாரில் பிறந்தவள், இப்போது இத்தாலியில் இருக்கிறேன். எங்கள் கோயில் பாதிரியார் கிறிகோரி சுவாமிதான் ஹூஸ்டனில் உள்ள தன் உறவினரிடம் கேட்டு உங்கள் முகவரியை எடுத்துத் தந்தார். யாரோ ஒருத்தி எழுதுகிறாள் என்று எறிந்துவிடாமல் கடைசிவரை வாசியுங்கோ.

என் கணவர் றோபேட் தை மாதம் கனடாவுக்கென்று புறப்பட்டார். இங்கே எங்களுக்குத் தங்கும் அனுமதி, பெர்மெசோ, இருக்கிறது. நான் லிபெர்த்தா தெருவில் ஒரு இத்தாலியச் சீமாட்டி, சிஞ்ஞோரா, வீட்டில் வேலை செய்கிறேன். இவர் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவுவார், மற்றக் காலத்தில் வீட்டில். "ஆயுள் முழுக்க இன்னொருத்தன்ரை எச்சில் கோப்பையோ? அங்கை தம்பி இருக்கிறான். நான் போய்ச் சேர்ந்து உங்களையும் கூப்பிடுறன்" என்றார். அழுது பார்த்தேன், கேட்கவில்லை.

மெக்சிக்கோவிலிருந்து ஒருமுறை கதைத்தார். அதன்பின் ஒன்றுமில்லை. கூடப் போன பிரதீஸ் என்பவர் கனடா போய்ச் சேர்ந்துவிட்டார். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் வந்தபின், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தெருவில் பொலிஸ் வாகனத்தை மறித்ததாம். அவர் பற்றைக்குள் ஓடித் தப்பினாராம், இவரைப் பிடித்ததைத் தன் கண்ணால் கண்டாராம்.

அக்கா, உங்கள் ஊர்ச் சிறையில் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரிக்க முடியுமா? கேட்பதால் உங்களுக்கு ஆபத்து வருமென்றால் வேண்டாம். தொண்ணூறில் என் அண்ணன் பேனாட்டை இராணுவம் பிடித்தபோது நானும் அம்மாவும் முகாம் முகாமாக அலைந்தோம். எல்லா வாசலிலும் "அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றுதான் சொன்னார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதற்காக ஒருநாள் முழுக்க அம்மாவை வெயிலில் இருத்தி வைத்தார்கள். அண்ணன் இன்றுவரை இல்லை. ஆகவே நான் கேட்பது எத்தகைய காரியம் என்று தெரிந்தே கேட்கிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
அனிற்றா

*

டெக்சாஸ்
21 மார்ச் 1997

அன்பின் அனிற்றா,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், "தெரியாத ஆக்களின்ரை சோலி எங்களுக்கேன்?" என்றுதான் என் கணவர் சொன்னார். எனக்கும் பயம். இந்தச் சிற்றூரில் தமிழர் என்றால் நாங்கள் மட்டும்தான். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், எல்லோருக்கும் என்னைத் தெரியும். ஆனால் உங்கள் அம்மாவை வெயிலில் இருத்தியது மனதை விட்டுப் போகவில்லை. வேலை முடிந்து நேரே போனேன்.

இங்கே சிறை கவுண்டிக்குச் சொந்தம். கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி என்று வையுங்கோ. பிடித்துக் கொண்டுவருகிறவர்களின் பெயர், திகதி, காரணம், படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கிறார்கள். அது பொதுமக்கள் பார்க்கிற கோப்பு. முன்மேசையில் இருந்த பெண் நான் யார், ஏன் வந்தேன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கோப்பைத் தூக்கி என் முன்னால் வைத்துவிட்டுத் தன் கோப்பியைக் குடித்தாள்.

றோபேட் என்ற பெயரில் நம் ஆள் யாருமில்லை. ஆனால் பெப்ரவரிப் பக்கத்தில் இராஜநாயகம் என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். பிறந்த நாடு இலங்கை. குடிவரவுக்காரருக்காகத் தடுத்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறது. ஆள் அனுப்புகிற ஏஜென்ற் கொடுக்கிற கள்ளப் பெயரில் வருவது நம்மவர்களுக்குப் புதிதில்லையே. படத்தைப் பார்த்தேன், உங்கள் கணவரின் முகம் எனக்கெப்படித் தெரியும்? ஒரு படமும், அடையாளம் ஏதாவது இருந்தால் அதையும் அனுப்புங்கோ.

நாகபூசணி

*

பலெர்மோ
30 மார்ச் 1997

அன்புள்ள அக்கா,

இன்று உயிர்த்த ஞாயிறு. கோயிலால் வந்ததும் எழுதுகிறேன்.

இராஜநாயகம் என்று எனக்கு ஒருவரையும் தெரியாது. படம் வைத்திருக்கிறேன். பிள்ளை அகஸ்ரீனா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று எடுத்தது. இவருக்கு இடது புருவத்தைப் பிளந்தபடி ஒரு தழும்பு உண்டு. படத்தில் வடிவாகத் தெரியாது, கிட்டப் பார்த்தால் தெரியும்.

பிடித்தவரின் பெயரை எழுதி, படமும் ஒட்டி, கேட்டவருக்குக் காட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதியதைக் கிறிகோரி சுவாமிக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க அழுகை வந்துவிட்டது. புருசன் சிறையிலிருக்கிறார் என்று கேட்டு ஒருத்தி ஆறுதல்படுவாளா? நான் படுகிறேன். அது இவராக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறேன். இல்லையென்றால் எங்கே தேடுவேன்?

வேலையில் மனம் நிற்குதில்லை. சிஞ்ஞோராவின் மேசைவிரிப்பை அயன் பண்ணும்போது கருக்கிவிட்டேன். பிள்ளை "பப்பா எப்ப கதைப்பார்?" என்று கேட்பதை இப்போது விட்டுவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அனிற்றா

*

டெக்சாஸ்
8 ஏப்ரல் 1997

அன்புத் தங்கச்சி அனிற்றா,

அவர்தான். உயிரோடு இருக்கிறார். இதை முதலில் வாசித்து மூச்சு விடும், பிறகு மிச்சத்தை வாசியும்.

பார்வையாளர் நாளில் போனேன். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் தொலைபேசி. "நான் இராஜநாயகம். றோபேட் எண்டு ஒருத்தரையும் எனக்குத் தெரியாது" என்றார். ஆனால் நீர் எழுதிய தழும்பு இடது புருவத்தில் இருந்தது. நீர் அனுப்பிய படத்தைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நெடுநேரம் பிள்ளையின் முகத்தையே பார்த்தார்.

இனி எழுதப்போவது கஷ்டமான விசயம். அவர் இந்தப் பெயரில் அகதி விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். "இத்தாலியிலை பெர்மெசோ இருக்கிறது தெரிஞ்சால் என்னை அங்கையே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், அக்கா. அதுக்கோ இவ்வளவு பாடுபட்டு வந்தனான்? என்னைக் காணேல்லை எண்டு அனிற்றாவுக்கு எழுதுங்கோ. விட்டாங்கள் எண்டால் நானே கதைப்பன்" என்றார்.

அவருடைய சட்டத்தரணியிடம் போனேன். வழக்கு மே மாதக் கடைசியில். வெல்வது கடினம் என்கிறார். தோற்றால் கொழும்புக்குத்தான் அனுப்புவார்கள். உண்மையான பேரும் இத்தாலிப் பத்திரமும் கையில் இருந்தால் இத்தாலிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாமாம்.

காணவில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீர் என்ன சொல்கிறீரோ அதைச் செய்கிறேன். அதுவரை ஒன்றும் செய்யமாட்டேன்.

அக்கா
நாகபூசணி

*

பலெர்மோ
18 ஏப்ரல் 1997

அன்பு அக்கா,

நித்திரை இல்லை. காலையில் அல்பெர்கேரியாச் சந்தைக்குள் நடந்தேன். என்ன வாங்கப் போனேன் என்பது நினைவில் வராமல் வெறுங்கையோடு திரும்பினேன்.

அவர் சொல்வதும் நியாயம்தான். ஒருவேளை வென்றுவிட்டால்? நான் குறுக்கே விழுந்து கெடுத்தவள் ஆவேன். வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவார். அவர் அதைச் சொல்லாமல் மனதில் வைத்திருந்தால் அது இன்னும் மோசம்.

ஆனால் கொழும்புக்கு அனுப்பிவிட்டால்? விமான நிலையத்தில் வைத்தே பிடித்துக்கொண்டு போனால், நான் எந்த வாசலில் போய், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பேன்? இராஜநாயகத்தின் மனைவி என்றா? அண்ணனைத் தேடியபோது எங்களிடம் அவருடைய பெயராவது இருந்தது.

பெர்மெசோ, பாஸ்போட், விவாகப் பத்திரம் மூன்றினதும் பிரதிகள் இதற்குள் இருக்கின்றன. சட்டத்தரணியிடம் கொடுங்கோ. ஆனால் என் கணவருக்கு ஒளிக்க வேண்டாம். "அனிற்றாதான் அனுப்பினவ" என்று அவருக்குச் சொல்லிவிட்டே கொடுங்கோ.

என்னை வெறுக்கட்டும். வெறுக்கிறதற்கு ஆள் இருக்க வேண்டும்.

அனிற்றா

*

டெக்சாஸ்
29 மே 1997

அன்புத் தங்கச்சி,

நீர் சொன்னபடியே றோபேட்டிடம் சொல்லிவிட்டுத்தான் பத்திரங்களைச் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். கேட்டதும் அவர் தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். அடுத்த கிழமை போனபோது என்னைச் சந்திக்க மறுத்தார். அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அன்று கார் ஓட்டிக்கொண்டு வந்தது என் கணவர். "நீ செய்தது பிழையில்லை" என்று மட்டும் சொன்னார்.

வழக்கு முடிந்தது. இத்தாலிக்கே அனுப்புகிறார்கள். நேற்றுக் கோப்பைப் போய்ப் பார்த்தேன். இராஜநாயகம் என்பதை வெட்டி, மேலே றோபேட் என்று தட்டச்சு செய்திருக்கிறார்கள். பக்கத்தில் "குடிவரவுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டார்" என்றிருக்கிறது. எங்கேயோ விமானத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வந்து சேர்ந்ததும் ஒரு வரி எழுதும். அதுவரை எனக்கும் நிம்மதி இல்லை.

அக்கா

*

பலெர்மோ
22 ஜூன் 1997

என் அன்பு அக்கா,

வந்துவிட்டார்.

விமான நிலையத்தில் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பையை வாங்கக் கை நீட்டினேன், தானே கொண்டுவந்தார்.

நன்றாக மெலிந்திருக்கிறார். மொண்டெல்லோவில் பழைய உணவகத்துக்கே போகிறார். சமைத்ததைச் சாப்பிடுகிறார். உப்புக் குறைந்தால் பிள்ளையிடம் "அம்மாட்டைக் கேள், உப்பு எங்கை?" என்கிறார். நானும் பிள்ளையிடம்தான் பதில் சொல்கிறேன். அவள் இது ஒரு விளையாட்டென்று நினைத்து, இத்தாலியனும் தமிழும் கலந்து இரண்டு பக்கமும் செய்தி கொண்டு ஓடுகிறாள். எத்தனை நாளைக்கு விளையாட்டென்று நினைப்பாளோ தெரியாது.

நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. வேலையால் வருகிறபோது படியில் அவருடைய செருப்பு கிடக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். கிடந்தால்தான் கால் மேலே ஏறுகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குளித்துவிட்டு வந்தார். மேசையடியில் நின்று, யாருக்கு எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "அந்த மனிசிக்கு எழுதுறதெண்டால் உன்ரை பெயரை மட்டும் போடு. என்ரை பெயரைச் சேர்க்காதை" என்றார்.

கோபம்தான், அக்கா. ஆனால் வந்த நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து, எனக்கென்று சொன்ன முதல் பேச்சு அதுதான். அவர் சொன்னபடியே செய்கிறேன்.

உங்கள் தங்கச்சி
அனிற்றா