தேவியின் படகில் ஏற அனுமதி

வெள்ளிக்கிழமை

நான் உருவாக்கின ஆன்லைன் விளையாட்டு உலகத்துல, எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற தேவிக்கு ஒரு படகு இருக்கு. அதுல யார் ஏறலாம்னு அவள்தான் அனுமதி கொடுக்கணும். மதுரைக்காரன் ஒருத்தனுக்குக் கொடுத்திருக்கா. விளையாட்டுக் கதையில அவன் அவளுக்குப் புருஷனாம். அட்மின் உரிமையை வச்சு அவன் அனுமதியைத் தூக்கிட்டேன்.

உடனே போன் பண்ணா. "இன்னா மாமா, ஏரியில மீன் புடிக்க உங்க முறை, உங்க பாடு வர்ற அன்னிக்கு வேற எவனாவது வலை போட்டா உங்க நைனா சும்மா வுடுவாரா? என் படகுல யாரை ஏத்துறதுன்னு நான்தான் சொல்லணும்."

அனுமதியை அவனுக்குத் திருப்பிக் கொடுத்துட்டேன். அப்பதான் உறைச்சுது. அட்மின்னு நானா எங்கயும் நுழைஞ்சிருக்கேனே தவிர, அவள் எனக்கு அனுமதி கொடுத்ததே இல்ல. இப்ப மத்தவங்க மாதிரி கேட்டிருக்கேன். ஆன்லைன்லதான் இருக்கா, அவனோட. பதில் இன்னும் வரல.