கழுவிக் காயவைத்த கம்பி

உருண்டையின் அப்பாவுக்கு,

உங்கள் நலம் அறிய ஆவல். இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். போனில் சொன்னால் பாதியிலேயே அதட்டி வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அதட்ட முடியாது அல்லவா? முழுசாகப் படியுங்கள்.

நேற்று உங்கள் அக்காவையும் கூட்டிக்கொண்டு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். வயிற்று ஓட்டையை மூடி, மலம் சேரும் பையைக் கழற்ற நாள் குறிப்பார்கள் என்று ஆசை ஆசையாகப் போனேன். இனி எல்லாப் பிள்ளைகளையும் போல ஜட்டி போடுவான் என்று அதையும் வாங்கிவைத்திருந்தேன். டாக்டரம்மா சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மலவாயே இல்லாமல் பிறந்த பிள்ளைக்கு அவர் ஆபரேஷனில் செய்துகொடுத்த வழி, சுருங்கிக் கிடக்கிறது. "தினமும் கம்பி விட்டு விரிச்சீங்களா இல்லையா?" என்று கத்தினார். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். விட்டோம் என்று பிள்ளை தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

நான் வேலைக்குத் திரும்பியதிலிருந்து அந்தப் பொறுப்பு உங்கள் அக்காவுடையது. விடியுமுன் பேக்கரிக்குப் போய் இருட்டித்தானே வருகிறேன்? கேட்டால், "ஆச்சு, ரெண்டு வேளையும் ஆச்சு" என்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த மழுங்கல் கம்பியும் கழுவித் துணியில் காய்ந்துகொண்டிருக்கும். நம்பினேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே அவர் உடைந்து அழுதுவிட்டார். ஒரு நாள்கூடக் கம்பியை உள்ளே விடவே இல்லையாம். எனக்குக் காட்டத்தான் தினமும் சும்மா கழுவிவைத்தாராம். "தம்பிதான் போன்ல அழுதான். புள்ளைய நோகடிக்காதே, தானா சரியாயிடும், அவகிட்ட சொல்லாதேன்னான்" என்றார்.

தானாகச் சரியாகுமா? குத்தின காதில் கம்மல் போடாவிட்டாலே தூர்ந்துபோகிறது. டாக்டரம்மா உங்களையும் உட்காரவைத்துத்தானே படித்துப் படித்துச் சொன்னார்? மண்டையை மண்டையை ஆட்டினீர்களே! உங்களால்தான், பெற்ற பிள்ளை தலையிலேயே பொய்ச் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேன்.

முதலில் நான் கம்பி விட்டபோது அவன் வீறிட்டதைக் கேட்டு, "நீ தாயா பேயா?" என்று போனை வைத்தீர்கள். அப்புறம் நானும் அவனும் சேர்ந்து அழுதது உங்களுக்குத் தெரியாது. பாசம் உங்களுக்கு மட்டும்தான் எழுதிவைத்திருக்கிறதா? அவன் அழுகையைக் கேட்கப் பொறுக்காத உங்கள் பாசம்தான் இன்றைக்கு அவனை மறுபடி கத்திக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், ஆனால் ஒரு வரியையும் அடிக்கமாட்டேன்.

அக்காவைத் திட்டிப் போன் போடாதீர்கள். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. தம்பி பேச்சைத் தட்டத் தெரியாதவர், வேறென்ன சொல்ல.

மயக்க மருந்து கொடுத்து விரித்துப் பார்ப்பார்களாம். மசியவில்லை என்றால் மறுபடி ஆபரேஷன். அதுவரை வயிற்றில் பை அப்படியேதான். எதுவானாலும் கம்பி உண்டு. இனி கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை நானே விடுவேன். முதலாளியிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுவிட்டேன், முனகிக்கொண்டே சரி என்றார்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இனி யாரிடமும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அவன் அழுவான். விவரம் தெரியத் தெரிய என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். திருப்பிக்கொள்ளட்டும். நீங்கள் ஊர் வந்து இறங்கும் அன்றைக்கு உங்களிடம் தாவிக்கொண்டு வரட்டும். அவனுக்கு நல்லவராக நீங்களே இருங்கள், பொல்லாதவளாக நான் இருந்துகொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உருண்டையின் அம்மா