யாரும் போகப்போவதில்லை

ஜூன் 3, செவ்வாய்
கம்பெனி பஸ் பொத்தேரியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. உள்ளே போனால் என் லைனில் கேமரா. கார் ஒயரிங்கை நான் எப்படிக் கட்டுகிறேன் என்று படம் எடுக்கிறார்களாம். ஒவ்வொரு கட்டையும் மெதுவாக, இரண்டு தடவை செய்து காட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஜூன் 12
பெருமை! லைன் வியட்நாம் போகிறது. நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்தப் படம் அங்கே இருக்கிறவர்களுக்குப் பாடம் நடத்தவாம். முட்டாள், முட்டாள். என் வேலையை நானே மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒயர் கட்டும் பலகையைச் சாய்த்து வைத்தால் ஆறு பேர் வேலையை நாலு பேர் செய்யலாம் என்று யோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டவனும் நான்தானே? பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். சுபத்ரா இன்றும் அதில்தான் சப்பாத்தி வைத்திருந்தாள். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 16
கேட் மீட்டிங். காலையில் ஒரு கட்சி, மதியம் இன்னொன்று. இவர்கள் டெல்லியைத் திட்டினார்கள், அவர்கள் கோட்டையைத் திட்டினார்கள். பத்து வருஷ வரிச்சலுகை முடிந்த மூன்றாம் மாதமே கம்பெனி லைனைத் தூக்குகிறதே, அதை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை? போட்டோ எடுத்ததும் கிளம்பிவிட்டார்கள்.

ஜூன் 23
எங்கள் லைனில் பத்துப் பேரை ஹெச்.ஆர். கூப்பிட்டார். மூன்று மாதம் வியட்நாம் போய்ச் சொல்லிக் கொடுத்தால், திரும்பியதும் ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டில் வேலையாம். மற்றவர்களுக்கு வீடுதான். பத்தில் ஒருவரான சங்கச் செயலாளர் ஜெயகிருஷ்ணன் அண்ணன் கேன்டீன் மேஜையில் ஓங்கித் தட்டினார். "நாம போலன்னா அங்க லைனே ஓடாது. எவனும் போகக் கூடாது, புர்தா?" அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். முதலில் அடித்தது நான்.

ஜூலை 4
"நீங்க போகலன்னா வேற யாராவது போவாங்க. அப்புறம் உங்க சத்தியத்த அந்த ஹாட் பாக்ஸ்ல போட்டு மூடி வைக்கட்டுமா?" என்றாள் சுபத்ரா. கத்திவிட்டேன். அவள் சொன்னது சரி, அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஜூலை 8
லைனில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஜூலை 15
பல்வலி என்று லீவு சொல்லிவிட்டு தாம்பரம் பாஸ்போர்ட் ஆபீஸ் போனேன். டோக்கன் வாங்கி உள்ளே நுழைந்தால், முன்வரிசையில் தெரிந்த முதுகு. ஃபைலை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஜெயகிருஷ்ணன் அண்ணன். திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வா குமரவேலு. காலைலேர்ந்து நம்மாளுங்க மூணு பேர பாத்துட்டேன். நீ நாலாவது."

நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.