அண்ணி கட்டிய காப்பு

அண்ணி,

இன்று காலை பக்கத்து வீட்டுக் கொடியில் மஞ்சளில் நனைத்த வேட்டி ஒன்று தொங்கியது. அந்த வாசனை ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டப்போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் யாராவது வீடு தேடி வந்து சொல்வார்கள். இப்போது நம் தீவில், நமாகாவின் இந்தத் தெருவில் என்னோடு தமிழ் பேச ஒருவரும் இல்லை. அத்தனை பேரும் ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையனிடம் எப்போது தீமிதி என்று இந்தியில்தான் கேட்டேன்.

நீங்கள் சபேட்டோவில் நம் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது உங்களுக்குப் பதினைந்து வயது. "நான் பாதிப் பாடத்துல ஒக்காந்திருந்தேன், ஒங்க அண்ணன் முழு மாப்பிள்ளையா வந்து நின்னாரு" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நான் வீட்டுப்பாடம் எழுதும்போது ரோட்டி தேய்த்தபடியே எட்டிப் பார்ப்பீர்கள். ஆற்றின் பெயர், நாட்டின் பெயர் எதுவானாலும் உங்களுக்கு நான் உரக்கச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குக் கருகின ரோட்டிதான் கிடைக்கும்.

ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்த வருடம் எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. சாலையில் துப்பாக்கியோடு நின்றவர்களைத் தாண்டித்தான் அண்ணன் விமான நிலையத்துக்கு வேலைக்குப் போய் வருவார். நம் இந்தியர்கள் கையிலிருந்த கரும்பு நிலத்தின் குத்தகை நிலைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் கனடாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை, குறுகிய லீவில், பெண் தேடி வந்தார். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். "இவ ஒருத்தி போனா போதும், பின்னாலேயே நம்ம எல்லாரையும் கூப்பிட்டுக்குவா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பயந்த மனிதனுக்குத் தங்கை ஒரு கதவாகத் தெரிந்தாள், அவ்வளவுதான். ஆனால் எனக்கு நான்காம் ஃபார்ம் பொதுப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. கல்யாணம் என்றால் பள்ளிக்கூடம் அதோடு சரி. நான் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

நீங்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தாம்பூலம் மாற்ற நாள் குறித்த அன்று கோயிலுக்குப் போனீர்கள், கையில் காப்போடு வந்து நின்றீர்கள்.

"ஆத்தா கனவுல வந்து கேட்டா. நான் பூ மிதிக்கறேன்."

வீட்டில் ஒருவர் காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும் வரைக்கும் அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. ஆத்தா கேட்டதை இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு ஏது தைரியம்? தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கோ அவ்வளவு லீவு இல்லை.

அந்த வருடம் தணலில் இறங்கியவர்களில் உங்களுக்கு மட்டும் கால் பொத்துப்போயிற்று. நம் ஜனங்களுக்கு அது போதாதா! மனசு சுத்தமில்லை, விரதத்தில் ஏதோ குற்றம் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். அதற்குப் பிறகு பொங்கல் வைக்கும் இடத்தில் பெண்கள் உங்களுக்குக் கரண்டி கொடுக்க மாட்டார்கள். நான் மருந்து போட்டுவிடும்போது என் காதோடு சொன்னீர்கள்.

"கனவாவது ஒண்ணாவது. பொய்க் காப்புன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா? பெத்தவ அடிச்சாப்ல சின்னதா ஒரு சூடு போட்டுட்டா. நீ போய்ப் படி. வெளிய மூச்சு விடாத."

பொய் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை, அண்ணி. எந்த ஊரில் ஒரு பெண்ணின் பரீட்சைக்காக இன்னொரு பெண் நெருப்பில் இறங்கியிருக்கிறாள்?

பரீட்சையில் தேறினேன். மேலே படித்தேன், டீச்சரானேன். மறுபடியும் ஒரு ஆட்சிக் கவிழ்ப்பு வந்து குத்தகையும் போனபோது நீங்களும் அண்ணனும் ஆக்லாந்துக்குப் புறப்பட்டீர்கள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, "வான்னு கூப்பிட மாட்டேன். ஒன்ன யாரும் எங்கயும் அனுப்பக் கூடாதுன்னுதான் அன்னிக்கு நடந்தேன்" என்றீர்கள். நான் இங்கேயே இருந்துவிட்டேன். போன குளிர்காலத்தில் உங்களைத் தகனத்துக்கு எடுத்துப்போனதை ஃபோனில்தான் பார்த்தேன். படம் நடுவில் இரண்டு தரம் நின்றுவிட்டது. அழுகைகூட விட்டு விட்டு வந்தது.

உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண், கெட்டிக்காரி, பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சிட்னி மாப்பிள்ளை. இப்போது நிச்சயம், பதினெட்டு ஆனதும் கல்யாணம், அதுவரை வீட்டு வேலை பழகட்டும் என்றார்களாம். நேற்று அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அங்கே நிற்கும்போது அந்தக் கனடாக்காரர் ஞாபகம்தான் வந்தது. அவர் கடைசியில் வரதோலியில் வேறொரு சின்னப் பெண்ணைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார் என்று கேட்டதும், காலில் கட்டோடு படுத்திருந்த நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அண்ணி இல்ல போல" என்றீர்கள்.

இந்தப் பெண்ணின் தாய் வாசலை மறித்துக்கொண்டு இந்தியில் கேட்டாள்: "எங்க குடும்ப விஷயம் இது, மேடம். நீங்க அவளுக்கு யாரு?"

கோபத்தில் வாயில் தமிழ்தான் வந்தது.

"அண்ணி."

அந்த வீட்டில் யாருக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. என் கண்ணிலிருந்து வழிந்ததுதான் தெரிந்தது. வாசலை மறித்திருந்த கையைத் தாய் இறக்கினாள். பிறகு உள்ளே திரும்பி, பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடும்படி மகளிடம் சொன்னாள்.